கிரேட் ஓஷன் ரோடு: ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் காரா, பஸ்ஸா?

ஜூலையில் அப்பா அம்மா மெல்பர்ன் வருகிறார்கள், உங்களுக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு நாள் விடுப்பு, அந்த நாளில் கிரேட் ஓஷன் ரோடு என்ற கடலோரச் சாலையை நீங்களே கார் ஓட்டிக் காட்டுவதா, வழிகாட்டியோடு போகும் பஸ்ஸில் மூன்று பேருமாகப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு முழங்கால் வலி, இருவரும் சைவம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

பஸ்ஸில் போங்கள். ஆனால் முதலில் கண்ணில் பட்ட பஸ்ஸில் இடம் போட்டுவிடாதீர்கள். காலையில் உள்நாட்டு நெடுஞ்சாலை வழியாக, கடலில் தூண்களாக நிற்கும் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளுக்கு நேரே போய்விட்டு, திரும்பும்போது கடலோரமாக வரும் பஸ்ஸைத் தேடி எடுங்கள். இங்கே அதை ‘ரிவர்ஸ்’ டூர் என்பார்கள். உங்கள் அப்பா அம்மாவின் வயதுக்கும், ஜூலை மாத வெளிச்சத்துக்கும் அதுதான் பொருந்தும்.

முதலில் தூரத்தைப் பாருங்கள். மெல்பர்னிலிருந்து டார்க்கீ சுமார் 100 கிலோமீட்டர். அங்கேதான் கிரேட் ஓஷன் ரோடு தொடங்குகிறது. அங்கிருந்து லார்ன், அப்பல்லோ பே என்று கடலை ஒட்டியே போய், அப்புறம் ஆட்வே மலைக்காட்டுக்குள் ஏறி இறங்கினால் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகள் வரும். திரும்பி வருவது கோலாக் ஊர் வழியாக உள்நாட்டுச் சாலையில். மொத்தமாக ஒரு சுற்று 500 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். காலை ஏழு, ஏழரைக்குக் கிளம்பினால் இரவு எட்டு மணிவாக்கில் வீடு திரும்பலாம். அதில் ஏழெட்டு மணி நேரம் இருக்கையிலேயே போய்விடும். மிச்சமிருக்கும் ஐந்து மணி நேரத்தைத்தான் நிறுத்தங்களுக்கும் சாப்பாட்டுக்கும் பங்கு போட வேண்டும். சாலையின் முழு நீளம் 243 கிலோமீட்டர், வார்னம்பூலுக்குப் பக்கத்தில் ஆலன்ஸ்ஃபோர்டு வரை போகிறது. ஒரு நாள் பஸ் எதுவும் அந்தக் கடைசி வரை போகாது. போர்ட் கேம்ப்பெல் பக்கத்திலேயே திரும்பிவிடும்.

இதை ஒரே ஆள் ஒரே நாளில் கார் ஓட்டி முடிக்கலாம், பலர் முடிக்கவும் செய்கிறார்கள். ஆனால் லார்னிலிருந்து அப்பல்லோ பே வரை சாலை பாறைச்சரிவை வெட்டிப் போட்டது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கடல், நடுவில் ஒரு வழிக்கு ஒரே தடம், வளைவுக்கு மேல் வளைவு. அப்பா “அதோ பாருடா, அலை எப்படி அடிக்குது” என்று சொல்லும்போது உங்கள் கண் அடுத்த வளைவில்தான் இருக்கும். ஜூலையில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். இருட்டின பிறகு உள்நாட்டுச் சாலைகளில் கங்காருவும் அதன் சின்ன இனமான வாலபியும் குறுக்கே பாயும். காலையிலிருந்து ஓட்டிக் களைத்த கையோடு அந்த இருட்டில் மூன்று மணி நேரம் ஓட்டுவது, வயதானவர்கள் பின்னால் தூங்கிக்கொண்டிருக்கும்போது, வேண்டாத ஆபத்து. அம்மா அப்பாவோடு கழிக்கக் கிடைத்த ஒரே நாளில் நீங்கள் டிரைவராக இருக்க வேண்டாம், மகனாகப் பக்கத்தில் உட்கார்ந்து போங்கள்.

இனி திசை. வழக்கமான டூர் காலையில் கடலோரமாகப் போகும். சாலையை அமைத்தவர்களின் நினைவு வளைவில் ஒரு நிறுத்தம், லார்னில் ஒன்று, கோவாலா பார்க்க ஒன்று, அப்பல்லோ பேயில் மதியச் சாப்பாடு, மழைக்காட்டில் சின்ன நடை என்று போய், அப்போஸ்தலர் பாறைகளைச் சேர மூன்று மணிக்கு மேல் ஆகிவிடும். வழியில் எங்கே அரை மணி தாமதமானாலும் அந்த அரை மணி கடைசி இடத்திலிருந்துதான் கழியும். கடைசி இடமோ, எல்லாரும் இவ்வளவு தூரம் எதற்காக வந்தார்களோ அந்த இடம். அந்த நேரத்தில்தான் மற்ற எல்லா பஸ்களும் வந்து நிற்கும். சூரியனும் மேற்கே சாய்ந்து பாறைகளுக்குப் பின்பக்கமாகப் போயிருக்கும், போட்டோவில் பாறைகள் கறுப்பாகத்தான் விழும். அம்மாவின் முழங்காலும் அதற்குள் ஓய்ந்திருக்கும்.

திருப்பிப் போகும் பஸ் பதினொரு மணிவாக்கில் பாறைகளுக்குப் போய்விடும். கூட்டம் குறைவு, காலை வெயில் பாறையின் முகத்தில் விழுந்து சுண்ணாம்புக்கல் மஞ்சளாகத் தெரியும், நடப்பவர்களுக்கும் தெம்பு இருக்கும். மதியத்துக்கு மேல் அப்பல்லோ பே, லார்ன் என்று கடலோரமாக வந்தால், நினைவு வளைவை நெருங்கும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கும். இருட்டில் போவது வெறும் ஃப்ரீவே மட்டும். இதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நம் ஊர் போல இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள். மேற்கே போகும் வண்டிக்குக் கடல் ஒட்டினாற்போல இருக்கும். திரும்பி வரும் வண்டி மலைப்பக்கத் தடத்தில் வரும், எதிர்த் தடத்தைத் தாண்டித்தான் கடல். கோடையில், இரவு எட்டரை மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும் டிசம்பர், ஜனவரியில் கேட்டிருந்தால் வழக்கமான திசையையே சொல்லியிருப்பேன். ஜூலைக்கு அது சரிவராது.

இடம் பிடிப்பது பற்றி: மேற்கே போகும்போது கடல் இடது பக்கம், திரும்பிவரும் ரிவர்ஸ் டூரில் வலது பக்கம். காலையில் ஏறும்போதே அதை மனதில் வைத்து உட்காருங்கள், பெரும்பாலும் அன்று முழுக்க அதே இருக்கைதான். பெல்ட் இருக்கும் பஸ்ஸில் பெல்ட் போட்டே ஆக வேண்டும், அது விக்டோரியா மாநிலச் சட்டம்.

இப்போது வழியில் வருவதைச் சொல்கிறேன், அப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் பார்க்கும்போது இன்னும் பிடிக்கும்.

காலையில் வெஸ்ட் கேட் பாலத்தைத் தாண்டி ஜீலாங், வின்செல்சி, கோலாக் என்று பழைய எரிமலைச் சமவெளி வழியாகப் போவீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, பால் பண்ணைகளும் பசும்புல்லும்தான். தூங்க வேண்டியவர்கள் இங்கே தூங்கிக்கொள்ளலாம். கோலாக்கில் டீ, காபிக்கு நிறுத்துவார்கள்.

பாறைகளைப் பற்றிக் கொஞ்சம். பன்னிரண்டு அப்போஸ்தலர் என்று பெயரே தவிர, அங்கே பன்னிரண்டு பாறை எப்போதும் இருந்ததில்லை. அப்பா எண்ணிப் பார்த்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒன்றரைக் கோடி, இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் இது, மிருதுவானது. எதிரே அண்டார்க்டிகா வரைக்கும் அலையைத் தடுக்கப் பெரிய நிலம் எதுவும் இல்லை. தென் பெருங்கடலின் அலை மோதி மோதி முதலில் கரைச்சுவரில் குகை குடையும், இரண்டு பக்கமும் குடைந்தால் அது வளைவாகும், வளைவின் மேல்பாகம் விழுந்தால் கடலில் தனித்தூண் நிற்கும், ஒரு நாள் தூணும் விழும். 2005 ஜூலை 3 அன்று சுமார் 50 மீட்டர் உயரத் தூண் ஒன்று சரிந்து கற்குவியலாகிவிட்டது.

இன்னும் கொஞ்சம் மேற்கே லண்டன் பிரிட்ஜ் என்று ஒரு பாறை இருந்தது. கரையோடு சேர்ந்த இரட்டை வளைவு, மேலே ஆட்கள் நடந்து போவார்கள். 1990 ஜனவரி 15 அன்று கரைப்பக்க வளைவு உடைந்து விழுந்தது. அந்த நேரம் மறுமுனையில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு கீறல் கூட இல்லாமல் ஹெலிகாப்டரில் அவர்களை மீட்டார்கள். இப்போது அதற்கு லண்டன் ஆர்ச் என்று பெயர். சில பஸ்கள் அதுவரை போகும், சில போகாது.

பார்வை மேடைக்குப் போகும் நடைபாதை சமமானது, சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை வழியாகப் போக வேண்டும். அம்மா மெதுவாக நடந்தால் போதும். பக்கத்தில் கிப்ஸன் ஸ்டெப்ஸ் என்று கடற்கரைக்கு இறங்கும் 86 படிகள் உண்டு, அது அம்மாவுக்கு வேண்டாம். காற்றும் அலையும் பலமாக இருந்தால் அதை அவர்களே மூடிவிடுவார்கள். ஹெலிகாப்டரில் கால் மணி நேரம் சுற்றிக் காட்டுகிறார்கள், தனிக் கட்டணம். அதற்குப் போனால் தரையில் பார்க்கும் நேரம் குறையும். என்னைக் கேட்டால் மூவரும் மேடையில் நின்று நிதானமாகப் பாருங்கள்.

அதைவிட எனக்கு நெருக்கமான இடம், சில நிமிடத் தூரத்தில் இருக்கும் லாக் ஆர்ட் கார்ஜ். இரண்டு உயர்ந்த பாறைச்சுவர்களுக்கு நடுவே குறுகலாகக் கடல் உள்ளே வந்து, ஒரு சின்ன மணற்கரையில் முடிகிறது. 1878 ஜூன் 1 விடியற்காலையில், இங்கிலாந்திலிருந்து மூன்று மாதம் கடல் கடந்து வந்த லாக் ஆர்ட் என்ற பாய்மரக் கப்பல், மெல்பர்னை நெருங்கிவிட்ட நிலையில், மூடுபனியில் கரை தெரியாமல் அருகிலிருந்த தீவில் மோதி உடைந்தது. கப்பலில் இருந்தவர்கள் 54 பேர், இறந்தவர்கள் 52. பிழைத்த இருவரில் ஒருவன் டாம் பியர்ஸ், கப்பலில் தொழில் பழக வந்த பையன். இன்னொருத்தி ஈவா கார்மைக்கேல், குடும்பத்தோடு அயர்லாந்திலிருந்து குடியேற வந்த பெண். டாம் நீந்தி அந்த மணலில் ஒதுங்கினான். ஈவாவின் குரல் கேட்டு மறுபடியும் கடலில் இறங்கி அவளை இழுத்து வந்தான். குகையில் அவளைக் கிடத்திவிட்டு, செங்குத்தான பாறையில் ஏறி ஆள் தேடிப் போனான். ஈவா தன் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் என்று கப்பலில் வந்த குடும்பத்தையே இழந்திருந்தாள். இருவருக்கும் கல்யாணம் நடக்கும் என்று அந்தக் காலப் பத்திரிகைகள் எதிர்பார்த்தன. நடக்கவில்லை, அவள் சில மாதத்தில் அயர்லாந்துக்கே திரும்பிவிட்டாள். கப்பலோடு வந்த ஒரு பீங்கான் மயில் மட்டும் பெட்டிக்குள் கிட்டத்தட்ட முழுசாகக் கரை ஒதுங்கியது. இன்றைக்கும் வார்னம்பூல் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறை வளைவு இருந்தது, 2009-ல் அதன் நடுப்பகுதி விழுந்து இரண்டு தூண்களாக நிற்கிறது. அவற்றுக்கு டாம், ஈவா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே கல்லறைகளும் இருக்கின்றன. மணலுக்கு இறங்கப் படிகள் உண்டு, ஆனால் மேலிருந்தே நன்றாகத் தெரியும். நீங்களும் அப்பாவும் இறங்கினால் அம்மா மேலே பெஞ்சில் காத்திருக்கலாம். இந்த இடத்துக்கு முக்கால் மணி நேரமாவது கொடுக்கும் டூரை எடுங்கள். பத்து நிமிடத்தில் கிளப்பிக்கொண்டு போகிறவர்களிடம் போகாதீர்கள்.

அங்கிருந்து கிழக்கே லேவர்ஸ் ஹில் ஏறி அப்பல்லோ பேயில் இறங்கும் பகுதிதான் வயிற்றைக் கலக்கும். கடல் பெரும்பாலும் கண்ணில் படாது, உயரமான மரங்களும் சுற்றிச் சுற்றி வரும் வளைவுகளும்தான். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ஏறும்போது அம்மாவுக்கு வாந்தி வருமா? வரும் என்றால் இங்கேயும் வரும். பஸ்ஸின் முன்பக்கத்தில் இடம் கேளுங்கள், டாக்டரிடம் கேட்டு மாத்திரை கொண்டுவரச் சொல்லுங்கள், கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். இந்தப் பகுதியில் போனைப் பார்க்காமல் இருந்தாலே பாதித் தொல்லை குறையும். நடுவில் மைட்ஸ் ரெஸ்ட் போன்ற இடத்தில் மழைக்காட்டுக்குள் அரை மணி நடை வைத்திருப்பார்கள். மரப்பெரணிகளும் பாசி படிந்த பழைய பீச் (beech) மரங்களும், பூக்கும் தாவரங்களில் உலகத்திலேயே மிக உயரமாக வளர்பவற்றில் ஒன்றான மவுண்டன் ஆஷ் மரமும் இந்தக் காட்டில் இருக்கின்றன. குளிர்காலத்தில் மரப்பலகைப் பாதை வழுக்கும். அம்மா கைத்தடியோ உங்கள் கையோ பிடித்துக்கொள்ளட்டும்.

அப்பல்லோ பே தாண்டியதும் கென்னட் ரிவர். யூகலிப்டஸ் மரங்களில் கோவாலா இருக்கும், இல்லாமலும் போகலாம், யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் தூங்கும் பிராணி. கிளைக் கவட்டில் சாம்பல் மூட்டை வைத்த மாதிரி ஏதாவது தெரிகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். கிளிகள் தோளில் வந்து உட்காரப் பார்க்கும், தீனி போடாதீர்கள். அடுத்து வருவது வை ரிவர். 2015 டிசம்பரில் மின்னல் மூட்டிய காட்டுத்தீ கிறிஸ்துமஸ் அன்று இங்கே இறங்கி, பக்கத்து செப்பரேஷன் க்ரீக்கையும் சேர்த்து 116 வீடுகளை எரித்தது. புதிதாகக் கட்டிய வீடுகளை ஜன்னல் வழியாகவே பார்க்கலாம்.

இனி சாலையின் கதை, இதை வழிகாட்டியும் சொல்வார், ஆனால் அப்பாவுக்கு முன்பே தெரிந்திருக்கட்டும். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் சுமார் 3,000 பேர் 1919 முதல் 1932 வரை வெட்டிய சாலை இது, போரில் திரும்பாமல் போன தங்கள் தோழர்களின் நினைவாக. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து, குதிரை வண்டி. எட்டு மணி நேர வேலைக்கு நாளுக்குப் பத்தரை ஷில்லிங் கூலி, இரவில் கூடாரத்தில் படுக்கை. பாறையை வெட்டும்போது இறந்தவர்களும் உண்டு. 1924-ல் கேப் பாட்டன் பக்கம் கஸீனோ என்ற நீராவிக் கப்பல் பாறையில் தட்டி, பாரம் குறைக்க 500 பீப்பாய் பீரையும் 120 பெட்டி சாராயத்தையும் கடலில் தள்ளியது. கரை ஒதுங்கியதைத் தொழிலாளிகள் எடுத்துக்கொள்ள, இரண்டு வாரம் வேலையே நடக்கவில்லை. இந்தச் சாலைக்காகப் பணம் திரட்டிப் பாடுபட்ட ஜீலாங் மேயர் ஹோவர்ட் ஹிட்ச்காக், 1932 நவம்பரில் நடந்த திறப்பு விழாவைப் பார்க்கவில்லை, சில மாதங்கள் முன்பே இறந்துவிட்டார். அவருடைய காரை ஊர்வலத்தில் கவர்னரின் காருக்குப் பின்னால் ஓட்டிப் போனார்கள். ஈஸ்டர்ன் வியூவில் நிற்கும் நினைவு வளைவு இந்த உழைப்புக்குத்தான். அங்கே சாலையின் நடுவில் நின்று போட்டோ எடுப்பவர்களைப் பார்ப்பீர்கள், அது ஓடும் சாலை, அம்மா அப்பாவை ஓரமாகவே நிறுத்துங்கள்.

சாப்பாடு. கடலோர ஊர்களில் கிடைப்பது மீனும் உருளைக்கிழங்கு வறுவலும், இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’ (pie), அப்பல்லோ பேயில் ஸ்காலப் என்ற சிப்பி வைத்த ‘பை’. ‘லஞ்ச் சேர்த்து’ என்று விற்கும் டூரில் சைவத்துக்குப் பெரும்பாலும் ஒரு சாண்ட்விச் வரும். சாப்பாடு சேராத டூரை எடுத்து, புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போங்கள். ஜூலைக் குளிரில் கெட்டுப்போகாது. ரிவர்ஸ் டூரில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குக் கூடத் தள்ளிப்போகலாம். அப்பாவுக்குச் சர்க்கரை என்பதால் நேரத்தோடு கொடுக்க ஏதாவது உங்கள் பையிலேயே இருக்கட்டும், மாத்திரையும் கைப்பையில், பஸ்ஸுக்கு அடியில் போடும் பையில் வேண்டாம். சில பஸ்களில் உள்ளே சாப்பிட விடமாட்டார்கள், முன்பே டிரைவரிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். சின்ன பஸ்களில் கழிவறை இருக்காது. ஆனால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவார்கள். தேவை இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இருவரையும் போய்வரச் சொல்லுங்கள்.

குளிரைப் பற்றி அவர்கள் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். மெல்பர்னில் ஜூலைப் பகல் வெப்பம் 13, 14 டிகிரி. பாறை மேடையில் அடிக்கும் காற்றில் அது இன்னும் குறைவாகத் தோன்றும். ஸ்வெட்டர் மட்டும் போதாது, காற்றுப் புகாத மழைக்கோட்டு, காதை மூடும் குல்லா, ஷூ வேண்டும். குடை அந்தக் காற்றில் நிற்காது. அம்மா புடவையில்தான் வருவார் என்றால் உள்ளே வெதுவெதுப்பான லெகிங்ஸ் போட்டுக்கொள்ளட்டும்.

கடலில் கால் நனைக்க ஆசைப்படுவார்கள். மெரினாவில் நனைக்கிற மாதிரி இங்கே வேண்டாம், அதுவும் அப்போஸ்தலர் பகுதியில் ஒருபோதும் வேண்டாம். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று போர்ட் கேம்ப்பெல் அருகே கடலில் சிக்கிய ஒரு சுற்றுலாப் பயணியைக் காப்பாற்றப் போன உள்ளூர் உயிர்காப்புத் தொண்டர்கள் இருவர், அப்பாவும் மகனும், படகு கவிழ்ந்து இறந்துபோனார்கள். அந்தக் கடலோடு பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். வேலிக்குள் நின்று பார்ப்பதுதான் அங்கே சரி.

இடம் போடும் முன் நிறுவனத்திடம் இந்த நான்கைக் கேளுங்கள்: எந்தத் திசை, எத்தனை பேர் ஏறும் வண்டி, அப்போஸ்தலரிலும் லாக் ஆர்டிலும் எவ்வளவு நேரம், தேதி மாற்ற முடியுமா. இருபது, இருபத்தைந்து பேர் ஏறும் வண்டி நல்லது. ஐம்பது பேர் இறங்கி ஏறவே ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்து நிமிடம் போகும், அந்த நேரம் உங்கள் கணக்கில்தான் கழியும். ஜூலையின் முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் பள்ளி விடுமுறை, அதைத் தவிர்த்து வார நாளாகப் பாருங்கள். தேதி மாற்றம் ஏன் என்றால், இங்கே குளிர்காலத்தில் ஒரு நாள் முழுக்க மூடுபனியும் மழையுமாக இருந்துவிடும், இரண்டு நாள் முன்னால் வானிலையைப் பார்த்து மாற்றிக்கொள்ள வசதி வேண்டும்.

எப்படியாவது இரண்டாவது நாள் விடுப்பு கிடைத்தால் நான் சொன்னதெல்லாம் மாறும். அப்போது காரையே எடுங்கள், அப்பல்லோ பேயிலோ போர்ட் கேம்ப்பெல்லிலோ ஒரு இரவு தங்குங்கள், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டியிருக்காது. மறுநாள் வார்னம்பூல் வரை போகலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே லோகன்ஸ் பீச்சுக்குத் தென் ரைட் திமிங்கிலங்கள் குட்டி போட வரும், கரையில் கட்டியிருக்கும் மேடையிலிருந்தே பார்க்கலாம். அந்தப் பீங்கான் மயிலும் அதே ஊரில்தான் இருக்கிறது.